கொழும்பிலிருந்து தர்ஷினியைக் கூட்டி வந்தது

நான் கொழும்புக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அண்ணன் மகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரப் போனேன். ஏழு வயதுக் குழந்தை. மஸ்கட்டில் ஏறி, கொழும்பில் மாறி, சென்னையில் என் கைக்கு வந்து சேர வேண்டியவள். வந்தாள். என் கண் முன்னாலேயே அவளைத் திரும்பவும் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விமானக் கம்பெனியின் பேரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறான் டில்லி. கேளம்பாக்கம் ஸ்டாண்டில் என்னோடு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அதனால் பேரை விட்டுவிட்டேன். மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

அண்ணன் சேகர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கருங்குழியில் எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து மனையில் புது வீடு கட்ட லீவு போட்டு வந்திருந்தான். தளம் போட்ட மறுநாள் மேலே ஏறித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நானும் அன்று அங்கேதான் இருந்தேன். என் ஆட்டோவிலேயே போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே அவன் பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். எனக்குப் புரிந்துவிட்டது.

அண்ணி மஸ்கட்டில் நிறைமாதம். செய்தி கேட்டு விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தர்ஷினியைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. போன வருடப் பள்ளி லீவிலும் அவள் தனியாகத்தான் விமானத்தில் வந்தாள். அப்போது முன்னாலேயே வந்திருந்த அண்ணன் போய் வாங்கிக்கொண்டான். இந்த முறை நான் வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

அண்ணி போனில் ஒன்றுதான் சொன்னார்கள். "அவகிட்ட ஒண்ணும் சொல்லல தம்பி. அப்பா கிட்ட போறேன்னு நெனச்சிகினு வரா. நீங்க பாத்து சொல்லுங்க."

அண்ணனுக்கு மகன் இல்லை. கொள்ளி வைத்தது நான். சுடுகாட்டிலேயே தலைமுடியும் மீசையும் போய்விட்டன. என் மீசை சும்மா மீசை இல்லை. ஸ்டாண்டில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "மீசக்காரரே" என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம் தர்ஷினி என் மடியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். இதையெல்லாம் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சாவு வீட்டில் யார் எதை யோசிக்கிறார்கள்?

சென்னை ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தாள். தனியாக வரும் குழந்தைகளுக்குக் கம்பெனி மாட்டிவிடுகிற அட்டை ஒன்று கழுத்தில் பட்டையில் தொங்கியது. கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிப் பெண் ஒருத்தி. நான் "தர்ஷு" என்று கத்தினேன். குழந்தை அந்தப் பெண்ணின் பின்னால் ஒளிந்துகொண்டது.

அந்தப் பெண் என் ஆதாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஆதாரைப் பார்த்தாள்.

"சார், இது நீங்களா?"

"நான்தாம்மா. வூட்ல துக்கம். மொட்ட அடிச்சிகீறேன்."

"பாப்பா, இவர்தான் உன் சித்தப்பாவா?"

தர்ஷினி எட்டிப் பார்த்தாள். "எங்க சித்தப்பாக்கு மீச இருக்கும். இவங்க இல்ல. எங்க அப்பா வருவாங்க."

'அவ அப்பன் செத்துட்டான், அதுக்குத்தான் இந்த மொட்டை' என்று நான் அப்போதே உரக்கச் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். குழந்தை முன்னால் எந்த வாயால் சொல்வது? அந்தப் பெண் கம்பெனியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். போன வருடம் கொடுத்த நம்பர். அண்ணனுடைய நம்பர். அண்ணியின் சிநேகிதி யாரோ அவசரத்தில் பழையதையே சரி என்று சொல்லியிருக்கிறாள். ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. அந்தப் போன் கருங்குழியில் அவன் படத்துக்குப் பக்கத்தில், விளக்கு ஓரமாக இருந்தது. என் மனைவி சுமதி பிறகு சொன்னாள். "அடிச்சிகினே இருந்திச்சி. செத்தவரு போனு. எனக்கு எடுக்க கையி வரல."

"சூப்பர்வைசரைக் கேட்டு வர்றோம் சார்" என்று குழந்தையை உள்ளே கூட்டிப் போனாள். கதவு மூடியது. அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து டை கட்டிய ஒருவன் வந்தான். வாங்க வந்தவரின் அடையாளம் உறுதியாகவில்லையாம். குழந்தையின் அம்மா லைனில் கிடைக்கவில்லையாம். அவர்களுடைய விதிப்படி, வந்த விமானத்திலேயே பத்திரமாகக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அங்கேதான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வசதி இருக்கிறதாம். பத்திரமாக என்ற வார்த்தையை அவன் விடவே இல்லை.

கூட வந்திருந்த டில்லிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார் இது? ஆளு இல்லன்னா ரிட்டன் அனுப்ப அது இன்னா பார்சலா? கொழந்த சார் அது."

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. துப்பாக்கி வைத்திருந்த காவலர் ஒருவர் என் தோளைப் பிடித்து வெளியே நடத்திப் போனார். அவர் மட்டும் மெதுவாகப் பிடித்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் குழந்தையை என்னிடம் கொடுக்காதது சரி. 'இவர் இல்லை' என்று குழந்தை சொன்ன பிறகும் எவனோ ஒரு மொட்டையிடம் கொடுத்திருந்தால், அந்தக் கவுண்டரை நானே உடைத்திருப்பேன். ஆனால் கொடுக்கவில்லை என்றால் உட்கார வை. தண்ணீர் கொடு. வந்தவனைத் தனியாக அழைத்து, யார் செத்தது என்று ஒரு வார்த்தை கேள். அண்ணி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பேசு. அதற்கு ஒரு பொழுது ஆகும். அந்த ஒரு பொழுது அவர்களிடம் இல்லை. விமானம் கிளம்பத் தயாராக நின்றது, ஏற்றி அனுப்பிவிட்டால் அவர்கள் பொறுப்பு தீர்ந்தது. குழந்தையைத் தனியாக ஏற்றிக்கொள்ளத் தனிக் கட்டணம் வாங்குகிறவர்களுக்குப் பொறுப்பு என்றால் இவ்வளவுதான்.

கருங்குழியில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். கொள்ளி வைத்தவன் கருமாதி முடியாமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது, இவன் கடலையே தாண்டப் போகிறான் என்று ஒரே பேச்சு. "அப்ப நீங்க யாராவது போறீங்களா?" என்றேன். பாஸ்போர்ட் என்னிடம்தான் இருந்தது. என்னையும் மஸ்கட்டுக்கு டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தான். நடக்கவில்லை. அதில் முதல் முத்திரை இப்படி விழும் என்று அவனும் நினைத்திருக்க மாட்டான்.

மறுநாள் காலை கிளம்பும்போது டில்லி ஒரு யோசனை சொன்னான். "அண்ணாத்த, நாடகக்காரன் கிட்ட ஒரு டோப்பா, ஒட்டு மீச வாங்கி மாட்டிகினு போ. கொழந்த ஓடியாந்து கட்டிக்கும்." சாவுக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் முறையாக யாரோ சிரித்தார்கள். சிரித்தது சுமதி. சிரித்த கையோடு அழுதாள்.

விமானத்தில் எனக்கு பெல்ட் மாட்டத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் மாட்டிவிட்டார். காது அடைத்தது. வெளியே பார்த்தால் கீழே வெறும் தண்ணீர். நாற்பதை நெருங்குகிற நானே சீட்டின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சாப்பிடக் கொடுத்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு யார் பெல்ட் மாட்டிவிட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது பன் அப்படியே இருந்தது.

கொழும்பில் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி என் போட்டோவையும் தலையையும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற தமிழர் சொன்னார். "நீங்க சாமியாராப் போயிட்டீங்களா, இல்ல சாமியாரா இருந்து திரும்பி வாறீங்களா எண்டு கேக்கினம்." அந்த ஊரில் மொட்டைத் தலை என்றால் புத்த பிக்கு. ரோட்டில் இரண்டு பேர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். எங்கள் ஊரில் மொட்டையைப் பார்த்தால் திருப்பதியா என்று கேட்பார்கள். மொட்டையும் மழித்த மீசையும் வாடிய முகமும் சேர்ந்திருந்தால் கேட்க மாட்டார்கள், தெரிந்துகொள்வார்கள். சென்னை ஏர்போர்ட்டில் இருந்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

கம்பெனி ஆபீசில், குழந்தை ஓட்டலில், பார்த்துக்கொள்ளக் கம்பெனி வைத்த ஒரு அம்மாவோடு நன்றாக இருக்கிறாள், மஸ்கட்டிலிருந்து தாயின் சம்மதம் வர வேண்டும், நாளை வாருங்கள் என்றார்கள். பார்க்கவாவது விடுங்கள் என்றேன். விடவில்லை.

தங்குவதற்கு நீர்கொழும்பு போனேன். ஏறிய முச்சக்கர வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. கிளட்ச் கேபிள் அறுந்திருந்தது. டிரைவர் சிங்களவர், என் வயது இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தேன். சீட்டுக்கு அடியில் பழைய கேபிள் ஒன்று கிடந்தது. மாட்டிக் கொடுத்தேன். மூன்று சக்கரம் எந்த நாட்டிலும் மூன்று சக்கரம்தான். அவர் என் தலையைக் காட்டி, இரண்டு கையையும் கூப்பிக் காட்டினார். பிக்குவா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வானத்தைக் காட்டினேன். அவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கடையில் நிறுத்தி இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் வாங்கிக் கொடுத்தார். சம்பல் நம் தேங்காய்த் துவையல் மாதிரி இல்லை, உறைப்பு கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், நான் உறைப்பு என்று சைகை காட்டினேன். அண்ணன் செத்த பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

சாயங்காலம் அங்கே கடற்கரையில் உட்கார்ந்தேன். கருவாட்டு வாடை கோவளத்தில் அடிப்பது மாதிரியேதான் அடித்தது. படகுகள் வேறு மாதிரி. எங்கள் கடலில் சூரியன் எழும். அங்கே விழுந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஆபீசில் வசந்தி என்ற பெண் இருந்தார். வவுனியாப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அண்ணியோடு வீடியோவில் பேசி எல்லாம் சரிபார்த்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்ததும் குரலை இறக்கிக் கேட்டார்.

"ஆருக்கு அண்ணா?"

"என் அண்ணனுக்கு. கொழந்தையோட அப்பா."

வசந்தி கண்ணை மூடிக்கொண்டார். "பிள்ளைக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"சென்னையில ஒருத்தரும் இதக் கேக்கேல்லையா?"

"கேக்கலம்மா."

"எங்கட ஆக்கள் செய்தது பிழை" என்றார். அந்தக் கம்பெனியில் இதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். பிறகு, "ஆனா அண்ணா, பிள்ளை ஓம் எண்டு சொல்லோணும். சொல்லாட்டி நான் இழுத்துக் குடுக்க மாட்டன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

தர்ஷினியைக் கூட்டி வந்தார்கள். அதே உடுப்பு. கழுத்தில் அதே அட்டை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் கிட்டப் போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீஸ் நடுவில் நின்றவன், என் வாயில் தினமும் வருவதைக் கத்தினேன்.

"கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர்! ஏறு ஏறு ஏறு! ஒரு சீட்டு, ஒரு சீட்டு!"

ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீடியோ காலில் அவளிடம் நான் எப்போதும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பேன். அவளும் ஒன்று சொல்வாள். சொல்கிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு முன்னாடி சீட்டு வேணும்" என்றாள் மெதுவாக.

"முன்னாடி சீட்டு டிரைவருக்கு!"

"அப்ப நான்தான் டிரைவரு."

ஓடி வந்தாள். வசந்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மீச எங்க சித்தப்பா?"

"ஊர்ல வெச்சிட்டு வந்துட்டேன்."

"திருப்பதிக்கா?"

கழுத்து அட்டையைக் கழற்றப் போனேன். பிடித்துக்கொண்டாள். "கழட்டக் கூடாது. இத கழட்டினா யாரும் என்ன வந்து கூட்டிட்டு போக மாட்டாங்கன்னு சென்னை அக்கா சொன்னாங்க." இரண்டு ராத்திரியும் அதோடுதான் தூங்கினாளாம். பட்டை உரசிக் கழுத்தில் சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது பெல்ட்டை அவள்தான் எனக்கு மாட்டிவிட்டாள்.

சென்னையில் டில்லி அவன் மாமனுடைய வேனோடு நின்றான். "இன்னா பாப்பா, கொழும்பு வரிக்கும் போய்ட்டு ஒரு டீத்தூள் பாக்கெட்டு வாங்கினு வர தோணலியா ஒனக்கு?"

"நீங்க யாரு?"

"பாத்தியா அண்ணாத்த, என்னையும் தெரிலன்றா. எனக்கு மீச கீது!"

அவள் சிரித்தாள். ஜிஎஸ்டி ரோட்டில் நேராக விட்டால் கருங்குழி. நான் டில்லியிடம் சுற்றிக்கொண்டு கடலோர ஈசிஆர் வழியாகப் போ என்றேன்.

"வூட்ல எல்லாரும் காத்துகினு கீறாங்களே."

"அதுக்குத்தான்டா."

டில்லிக்குப் புரிந்தது. வீட்டு வாசலில் கால் வைத்ததும் பெண்கள் அவள் மேல் விழுந்து, "உன்ன வுட்டுட்டு போய்ட்டானே" என்று அழ ஆரம்பிப்பார்கள். அப்படி அவளுக்குத் தெரிய வேண்டாம். கேளம்பாக்கத்தில் எங்கள் ஸ்டாண்டைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, "திருப்போரூர், ஏறு ஏறு" என்று அவளே கத்தினாள். ஸ்டாண்டில் இருந்தவர்கள் வேனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. திருவிடந்தையில் பெருமாள் கோயில் வந்தது. அடுத்த லீவில் கூட்டிப் போகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார், நிறுத்துங்கள் என்றாள். தீட்டு இருக்கிறவன் உள்ளே போகக் கூடாது. "இன்னொரு நாள்" என்றேன்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். வேகவைத்த சோளம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. டில்லி தள்ளி நின்று, ஏற்கெனவே துடைத்த வேன் கண்ணாடியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா ஏன் ஏர்போர்ட்டுக்கு வரல?"

நான் கடலைப் பார்த்தேன்.

"உன் போன குடு. நான் அப்பாக்கு போடறேன்."

கொடுத்தேன். அவளே நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். "ரிங் போகுது சித்தப்பா."

"தர்ஷு, அப்பா செத்துட்டாரும்மா."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ரிங் போகுதே."

"போனு வூட்ல கீது. அப்பா இல்ல. நெஞ்சு வலி வந்திச்சி. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். காப்பாத்த முடில."

ரிங் நிற்கும்வரை கேட்டாள். மறுபடி போட்டாள். அதுவும் நிற்கும்வரை கேட்டாள். நான் தடுக்கவில்லை. மூன்றாவது முறை போடவில்லை, போனை என் மடியில் வைத்தாள்.

"அந்த அக்காவும் ரிங் போகுதுன்னுதான் சொன்னாங்க."

"ஆமா."

"நீ மீசய அப்பாக்கு குடுத்துட்டியா?"

"ஆமாம்மா."

அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. சோளத்தைக் கீழே போடாமல், கையில் பிடித்துக்கொண்டே அழுதாள். பக்கத்தில் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்தோம். பெரியாஸ்பத்திரியைத் தாண்டும்போது, "இங்கயா?" என்றாள். ஆமாம் என்றேன். பாலாற்றுப் பாலத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கருங்குழியில் வேன் நின்றதும் நான் பயந்தபடியே பெண்கள் ஓடி வந்தார்கள். அவள் யார் கையிலும் சிக்கவில்லை. குனிந்து, நுழைந்து, உள்ளே போய் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்றாள். மாலை, விளக்கு, பக்கத்தில் சார்ஜரில் போன். அழுகைச் சத்தம் வீட்டை அடைத்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். சுமதி என்னைப் பார்த்தாள். நான் நகர்வதற்குள் தர்ஷினி சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் போனை எடுத்தாள். சென்னை ஏர்போர்ட்டில் பார்த்த அந்தக் கம்பெனிப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது. உங்கள் குழந்தை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாளா என்று கேட்க அழைத்திருக்கிறாள். அதே பழைய நம்பருக்கு.

"அப்பா செத்துட்டாங்க அக்கா" என்றாள் தர்ஷினி. "நான் வீட்டுக்கு வந்துட்டேன். சித்தப்பா கூட்டிட்டு வந்தாங்க. இப்ப இத கழட்டலாமா?"

ஒரு கையில் போன், இன்னொரு கையில் கழுத்து அட்டையோடு அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.